நெருங்கி உட்கார்ந்தால் இடம் வரும்

மொபெட்டின் பின்சீட்டில் ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்து மலையேறி வந்த ரேணுகாதேவிக்கு இடுப்புக்குக் கீழே எதுவுமே தன்னுடையது மாதிரி இல்லை. இறங்கியதும் கால் நிற்கவில்லை. வண்டியையே பிடித்துக்கொண்டு நின்றாள். நடுமுதுகில் புறப்பட்ட வலி பின்தொடை வழியாகக் குதிகால்வரை இறங்கி, அங்கே வேறு போக்கில்லாமல் திரும்பவும் மேலே ஏறியது. புளி மூட்டை சுமந்த வலி அவளுக்குத் தெரியும். அது படுத்து எழுந்தால் போய்விடும். இது போகிற வலி இல்லை.

“இன்னா மே, மூஞ்சி செத்துப் போயிருக்குது?” என்றாள் பச்சையம்மா. ரேணுகாவின் நாத்தனார். புருஷன் இறந்தபின் தம்பி அருணகிரி வீட்டோடு வந்துவிட்டவள். அவளுக்கு வலது கால் விந்தும், நாக்கு விந்தாது.

“நர்சம்மா திட்டினாங்க அண்ணி. இனிமே இந்த வண்டியில வந்தா உள்ளாறயே வுட மாட்டேன்னுட்டாங்க. வலி எடுத்தா கீழ எறங்கறதுக்கு வூட்டாண்டயே ஒரு வண்டி ரெடியா இருக்கணுமாம்.”

“ஆம்புலன்சு இன்னாத்துக்கு இருக்குது?”

“அது தார் ரோடு முடியற வரிக்கும்தான் வருமாம். மேல ஏறாதாம்.”

“வூட்டாண்டதான் காரு நிக்கிதே. கோயிங்கள எறக்கி வுட்டுட்டு ஏறிக்கோ.”

கார் நின்றது உண்மைதான். ரெண்டாவது பெண் பிறந்த வருஷம், சாமை நன்றாக விளைந்த தைரியத்தில், அருணகிரி கண்ணமங்கலத்தில் ஒருவரிடம் அந்தப் பழைய வெள்ளைக் காரை வாங்கி மேலே ஓட்டி வந்தான். கடைசி ஏற்றத்தில் அது ஒரு பெருமூச்சு விட்டது. அதற்குப் பிறகு மூச்சே விடவில்லை. ஊர்க்காரர்கள் தள்ளிக்கொண்டு வந்து பலா மரத்தடியில் நிறுத்தினார்கள். இப்போது அதன் பின்சீட்டில் சாமை மூட்டைகள் இருந்தன. முன்சீட்டில் கோழிகள் முட்டையிட்டன. மழை இல்லாத நாட்களில் பிள்ளைகள் ரெண்டும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் போய் வந்தார்கள்.

ஆக, அந்தக் குடும்பத்துக்கு ரெண்டு வண்டிகள். ஒன்று ஓடும், உட்கார முடியாது. இன்னொன்றில் உட்காரலாம், ஓடாது. நாலு பேரும் நாத்தனாரும் இருக்கிற வீட்டில் இன்னொரு உயிர் வரப்போகிறது. இந்த வண்டிகள் இந்தக் குடும்பத்துக்குப் போதுமா என்ற கேள்விக்கு அந்த ஊரில் கோழிகூட பதில் சொல்லியிருக்கும். ஆனால் அந்தக் கேள்வியைத் தீர்மானிப்பதற்கென்றே ஒரு வாரியம் இருந்தது. குடும்ப வாகனப் பொருத்த வாரியம் என்று பெயர். வளரும் குடும்பத்துக்கு இருக்கிற வாகனம் பொருந்தாது என்று அது சான்று கொடுத்தால், மலைக்கு ஏற்ற ஒரு புது ஜீப்பு தாயின் பேரில் வந்துவிடும். நர்சம்மாதான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

வாரியத்தின் முகாம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. மைக் இருந்தது, கரண்ட் இல்லை. இருந்தும் பொருத்த அலுவலர் ஆதிநாராயணன் மைக்கில்தான் பேசினார்.

“பெரியோர்களே, தாய்மார்களே. மற்ற ஊர்களில் குடும்பம் பெருத்தால் அவரவர் போய் அவரவருக்குத் தோன்றிய வண்டியை வாங்கிவிடுகிறார்கள். அதில் ஓர் ஒழுங்கு இல்லை. அந்த ஒழுங்கைக் கொண்டுவரத்தான் நாங்கள் இருக்கிறோம். வாரியம் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை ஒரு வண்டிகூடத் தவறான குடும்பத்துக்குப் போனதில்லை என்பதை நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிறேன்.”

பின்னால் குந்தியிருந்த தங்கவேல் எழுந்தான். அருணகிரியின் பக்கத்து வீட்டுக்காரன். “செரியான குடும்பத்துக்கு எத்தினி வண்டி போச்சுங்க?”

“அதுவும் போகவில்லை. தவறே நடக்கவில்லை என்றுதானே சொன்னேன்.”

தங்கவேல் கொஞ்சம் யோசித்துவிட்டு உட்கார்ந்தான்.

பதிவு மேசையில் சதீஸ்குமார் என்ற இளைஞன் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தான். பேட்டரி தீர்வதற்குள் முடிக்க வேண்டும் என்ற பதற்றம் அவனுக்கு.

“இனம்?”

“மலையாளிங்க,” என்றான் அருணகிரி.

“அப்ப கேரளா முகவரி சொல்லுங்க.”

“நாங்க ஜவ்வாது மலைங்க சார். பாட்டன் முப்பாட்டன் காலத்துலேர்ந்து இதே மலைதான். எங்க சனத்துக்குப் பேரே மலையாளிதான்.”

“மலையாளின்னா இது மாவட்டம் கேக்குதுங்க. தமிழ்நாட்டு மாவட்டம் காட்ட மாட்டேங்குது. இப்போதைக்கு பாலக்காடுன்னு போட்டுக்கறேன். அப்பறம் மாத்திக்கலாம்.”

இப்படியாக, ஆம்புலன்ஸ்கூட ஏறாத ஒரு ஊரிலிருந்த குடும்பம் ஒரு நிமிஷத்தில் பாலக்காடு போய்ச் சேர்ந்தது.

ஆதிநாராயணன் ரேணுகாவின் வயிற்றைப் பார்த்தார். பிறகு விதியைப் பார்த்தார். “பிறப்புச் சான்று இருக்கிறதா?”

“இன்னும் பொறக்கலைங்களே.”

“சான்று இல்லாமல் குடும்ப உறுப்பினராகச் சேர்க்க முடியாதம்மா.”

“அப்ப பொறந்த பின்னால வர்றோம்ங்க.”

“பிறந்துவிட்டால் அது வளர்ந்த குடும்பம். நமது திட்டம் வளரும் குடும்பத்துக்கு. வளர்ந்து முடித்தவர்கள் விண்ணப்பிக்க முடியாது.”

“அப்ப எப்பத்தாங்க வர்றது?”

“நடுவில்,” என்றார் ஆதிநாராயணன்.

அருணகிரி, ரேணுகா, தங்கவேல் மூன்று பேரும் அந்த நடு எங்கே இருக்கிறது என்று ஆளுக்கொரு பக்கம் யோசித்தார்கள். அதைக் கண்டுபிடிக்கத்தான் கள ஆய்வு என்று அவரே சொன்னார்.

கள ஆய்வுக்கு வாரியத்தின் நீளமான கார் வந்தது. கடைசி ஏற்றத்தில், அருணகிரியின் கார் பெருமூச்சு விட்ட அதே இடத்தில், அதுவும் நின்றது. சாமைக் களத்தில் இருந்தவர்களை அழைத்து வந்து தள்ளிப் பார்த்தார்கள். கார் அசையவில்லை. கடைசியில் அருணகிரி மொபெட்டோடு இறங்கிப் போனான். முன்னால் அவன், நடுவில் ஆதிநாராயணன், பின்னால் சதீஸ்குமார், சதீஸ்குமாரின் மடியில் கோப்புப் பெட்டி. மொபெட் முனகிக்கொண்டே மேலே வந்து சேர்ந்தது.

இறங்கி வேட்டியைச் சரி செய்துகொண்ட ஆதிநாராயணன் முதல் காரியமாகச் சொன்னார். “எழுதிக்கோப்பா. அலுவலர்கள் முன்னிலையில் மூன்று பெரியவர்களும் ஒரு பெட்டியும் சிரமமின்றிப் பயணம் செய்தார்கள். இருசக்கர வாகனம் பொருத்தமானது.”

“சார், வேற வழியில்லாம ஏறினோம் சார்,” என்றான் அருணகிரி.

“வேறு வழியில்லாதபோது பொருந்துகிறதா என்பதுதானப்பா பொருத்தம்.”

அடுத்தது காரின் முறை. சதீஸ்குமார் டேப்பைப் பிடித்து நீள அகலம் எடுத்தான். சாமை மூட்டைகளை இறக்கினார்கள். அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு கோழி மட்டும் இறங்க மறுத்துச் சதீஸ்குமாரின் கையைக் கொத்தியது. அதை அப்படியே விட்டுவிட்டு, குடும்பத்தை ஏறி உட்காரச் சொன்னார்கள். அருணகிரி ஸ்டீயரிங் முன்னால், கோழி பக்கத்தில், பின்சீட்டில் பச்சையம்மா, ரேணுகா, பிள்ளைகள் ரெண்டும். கதவைச் சாத்தினார்கள். சாத்திக்கொண்டது.

“வசதியா இருக்குதாம்மா?” என்று வெளியிலிருந்து கேட்டார் ஆதிநாராயணன்.

“குந்திக்கினு இருக்கிறது வசதியாத்தான் இருக்குது சாமி,” என்றாள் பச்சையம்மா. “போறதுதான் இல்ல.”

“போவது போக்குவரத்துத் துறை. உட்காருவதுதான் எங்கள் துறை. ஒரு துறை இன்னொரு துறையின் வேலையில் தலையிடக் கூடாது.”

“இவளுக்கு வலி எடுத்தா இதுல குந்திக்கினு இன்னா பண்றது? ஆரன் அடிக்கறதா?”

ஆரனும் இல்லை என்று சின்னப் பெண் பின்னாலிருந்து சொன்னாள்.

வயிற்றில் இருப்பது யார் கணக்கு என்ற பேச்சு வந்தது. அது மடியில் அடக்கம் என்றார் ஆதிநாராயணன். மடியில் இல்லை, வயிற்றில் இருக்கிறது என்றாள் பச்சையம்மா. அப்படியானால் தாயில் அடக்கம் என்று திருத்திக்கொண்டார். வெயில் ஏறி, காருக்குள் வேர்த்துக் கொட்டி, எல்லாரும் இறங்கிய பின்னால் அவர் ரேணுகாவைத் தனியாக அழைத்தார். அவர் முகத்தில் உண்மையான இரக்கம் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. மொபெட்டில் வரும்போது அவருக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது.

“அம்மா, அளவுகள் உங்களுக்குச் சாதகமாக இல்லை. ஆனால் விதியில் ஒரு கதவு திறந்திருக்கிறது. அளவு எப்படி இருந்தாலும், ‘எங்கள் வண்டியில் இடம் இல்லை’ என்று தாய் தன் வாயால் மூன்று முறை சொன்னால், அதுவே போதும். நான் சான்று கொடுத்துவிடுவேன். ஜீப்பு வந்துவிடும். சொல்லுங்கள்.”

ரேணுகா முந்தானையை இழுத்து வயிற்றின்மேல் போர்த்திக்கொண்டாள்.

அந்த மலையில் வண்டி வைத்திருக்கும் எவனும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டான். எப்போதோ ஒரு பஸ். அதையும் விட்டுவிட்டு ரோட்டில் நிற்கிறவனைப் பார்த்து இடமில்லை என்று சொன்னால், பொழுது சாய்ந்தபின் அவனும் காடும்தான். அதனால் ஜீப்பில் மூட்டைமேல் ஆள், ஆள்மேல் ஆடு, கம்பியில் தொங்குகிறவன் என்று எல்லாரையும் ஏற்றிக்கொள்வார்கள். அதுவும் வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் அந்தச் சொல் கூரைக்குக் கீழே வரவே கூடாது. குதிர் நிரம்பினால் நிரம்பிப் போச்சு என்பார்கள். பாயில் ஆள் நெருக்கினால் காலை மடக்கு என்பார்கள். உள்ளே இருப்பது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. தனக்கு இடமில்லை என்று பெற்றவள் வாயாலேயே கேட்டால் அது வந்த வழியே திரும்பிவிடும் என்று அவர்களுக்கு நிச்சயமாகத் தெரியும்.

“நான் சொல்லட்டுமா சார்?” என்றான் அருணகிரி.

“நீ சொன்னால் செல்லாது. தாய் வாய்மொழி.”

“செனை மாட்டு எதிர்லயே அத சொல்ல மாட்டோம் சாமி,” என்றாள் பச்சையம்மா. “வேற எத வேணா சொல்லச் சொல்லு. என் தம்பிய ஒண்ணுத்துக்கும் ஒதவாதவன்னு சொல்லச் சொல்லு. சொல்லுவா. தெனமும் சொல்றதுதான்.”

யாரோ சிரித்தார்கள். ஆதிநாராயணனும் புன்னகை செய்தார். பிறகு ரேணுகாவிடம் ஒரு தகப்பனைப் போலப் பேசினார்.

“இதில் பயப்பட என்ன இருக்கிறதம்மா? நான் தினமும் சொல்கிறேன். காலையில் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்ததும் ஆரம்பிப்பேன். விடுதியில் இடம் இல்லை. பட்டியலில் இடம் இல்லை. இந்த வருஷம் இடம் இல்லை. கைக்குழந்தையோடு வருவார்கள், அவர்களிடமும் சொல்வேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் நாக்கு புரளவில்லை. பழகினால் வந்துவிடும். எனக்கு ரெண்டு பிள்ளைகள், நன்றாகத்தான் இருக்கிறார்கள். எங்கே, என்கூடச் சொல்லுங்கள். எங்கள் வண்டியில்…”

“எங்க வண்டியில,” என்றாள் ரேணுகா.

“இடம்…”

“எடம்…”

வயிற்றுக்குள் காலோ கையோ ஒன்று புரண்டு விலாவுக்குக் கீழே முட்டியது. ரேணுகா அந்த இடத்தில் கையை வைத்தாள். ஜீப்பு வேண்டும். நர்சம்மாவின் கோபம் நினைவுக்கு வந்தது. மலையிறங்கும் வளைவுகள் ஒவ்வொன்றும் கண்முன்னால் வந்தன. எல்லாம் தெரிந்துதான் இருந்தது. நாக்குதான் வரவில்லை.

“நெருங்கி ஒக்காந்தா எடம் வரும்ங்க,” என்றாள்.

ஆதிநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கேட்டியாப்பா சதீஸ்குமார்? இதுதான் மலை மக்களின் மனசு. கீழே இருக்கிறவன் கத்துக்கணும். எழுதிக்கோ. பயனாளி தற்போதைய வாகனங்களில் இடம் உண்டு எனத் தம் வாயால் ஒப்புக்கொண்டார். பொருத்தமானது. அந்த வாசகத்தையும் தனியாக எழுதி வை, வாரியத்துக்கு ரொம்ப நாளாக ஒரு முழக்கம் தேடிக்கொண்டிருக்கிறோம்.”

அவர்களை மறுபடி மொபெட்டில் கீழே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த அருணகிரி, மூட்டைகளைத் திரும்பக் காரில் ஏற்றினான். எல்லாம் ஏற்றி முடித்தபின் ரேணுகா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“சொல்லியிருக்கலாம்,” என்றான்.

“நீயா இருந்தா சொல்லியிருப்பியா?”

அவன் எழுந்து போய் மொபெட்டின் செயினுக்கு எண்ணெய் விட்டான்.

நாள் கணக்குப்படி இன்னும் இருந்தது. ஆனால் ஒரு காலை, ரேணுகா அடுப்படியில் குனிந்தவள் நிமிர முடியாமல் அங்கேயே முட்டி போட்டாள். பச்சையம்மா வந்து பார்த்தாள். பார்த்ததும் அவள் நாக்கு அடங்கிப்போயிற்று. அது அந்த வீட்டில் எல்லாரையும் பயமுறுத்தியது. மொபெட்டில் ஏற்றப் பார்த்தார்கள். ரேணுகாவால் காலை அகட்டி உட்கார முடியவில்லை. ஊரில் ஜீப்பு யாரிடமும் இல்லை. பிள்ளைகள் ரெண்டும் ஓடிப்போய்க் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் அவர்களைத் திட்டவில்லை.

டோலி கட்டலாம் என்று மூங்கில் கொண்டுவந்தார்கள். கம்பளியை உதறினால் அது மழையில் இற்று, கைபட்ட இடமெல்லாம் கிழிந்தது. தங்கவேல், தன் மச்சினன் மகள் கல்யாணத்துக்குக் கிளம்பி, புது எட்டு முழ வேட்டியோடு வாசலில் நின்றிருந்தான். உள்ளே போனான். லுங்கியைக் கட்டிக்கொண்டு, வேட்டியை மடிப்புக் கலையாமல் கையில் எடுத்துக்கொண்டு வந்தான்.

“இத கட்டுங்கப்பா. நூல் கெட்டி.”

வேட்டியின் ரெண்டு முனையையும் மூங்கிலில் முடிச்சுப் போட்டு ரேணுகாவை அதில் கிடத்தினார்கள். தோள் மாற்றித் தோள் மாற்றி இறங்கினார்கள். முன்னால் தங்கவேல், பின்னால் அருணகிரி, கல் சறுக்குகிற இடத்தில் இன்னும் ரெண்டு பேர். பக்கத்து வீட்டுப் பெண்களோடு பச்சையம்மா விந்தி விந்தி ஓடி வந்தாள். வெள்ளைத் துணி முகத்தின் ரெண்டு பக்கமும் ஏறி மூடியதில் ரேணுகாவுக்கு ஒரு கீற்று வானம் மட்டும் தெரிந்தது. புதுத்துணியின் கஞ்சி வாசனை அடித்தது. ஒவ்வொரு குலுக்கலிலும் அவள், வா, வா, எல்லாம் இருக்குது, வா என்று உள்ளே இருப்பதிடம் சொல்லிக்கொண்டே போனாள்.

நாவல் மரத்து வளைவில் அது வந்தது. டோலியை இறக்கி, பெண்கள் சேலையால் மறைத்து நின்றார்கள். பச்சையம்மா கையில் ஏந்தினாள். ஆண் பிள்ளை. உள்ளங்காலில் தட்டினாள். முதுகைத் தேய்த்தாள். வாயில் விரல் விட்டு எடுத்தாள், ஊதினாள், திரும்பவும் தட்டினாள்.

“அயுவுதா அண்ணி?” என்றாள் ரேணுகா.

பச்சையம்மா தட்டுவதை நிறுத்தவில்லை.

“அண்ணி, அயுவுதா?”

ரெண்டு வளைவுக்குக் கீழே, தார் ரோடு முடிகிற இடத்தில், ஆம்புலன்ஸ் வந்து நின்றிருந்தது. அதன் விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது மேலேயிருந்து தெரிந்தது. ரேணுகாவை அதில் ஏற்றி அனுப்பினார்கள். குழந்தையை அருணகிரி அந்த வேட்டியிலேயே சுற்றி எடுத்துக்கொண்டு மேலே திரும்பினான். கல்யாணத்துக்குப் போகாத தங்கவேல்தான் குழி வெட்டினான். சுற்றிய துணியை யாரும் அவிழ்க்கவில்லை.

ரேணுகா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, பால் கட்டி மார்பு கல்லாகிக் கிடந்த நாட்களில் வாரியம் மறுபடி வந்தது. இந்த முறை ஆதிநாராயணன் கீழேயே காரை விட்டுவிட்டு நடந்தே ஏறி வந்தார். வாசலில் நின்று தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, பழக்கத்தில், நிமிர்ந்து பேசினார்.

“வாரியத்தின் சார்பில் ஆழ்ந்த அனுதாபங்கள். நடந்தது யாருக்கும் வரக் கூடாது. இந்த நேரத்தில் ஒரு விஷயம் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன். சில பேர், உங்களுக்குச் சான்று மறுத்தது தவறு என்று மனு எழுதிவிட்டார்கள். மேலிடத்தில் கோப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு நடந்தபோது குடும்பத்தில் எத்தனை பேரோ, இன்றும் அத்தனை பேர்தான். குடும்பம் வளரவில்லை. ஆகவே அன்று எடுத்த முடிவு சரியானதுதான் என்று உறுதியாகிவிட்டது. நம் எல்லாருக்கும் ஒரு பாரம் இறங்கியது.”

அருணகிரி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கை மூங்கில் தூண் ஒன்றைப் பிடித்திருந்தது. ரேணுகா உள்ளேயிருந்து அந்தக் கையை மட்டும் பார்த்தாள். அது இறுகி இறுகித் தளர்ந்தது.

இருக்கிற வாகனங்களே பொருத்தம் என்ற சான்றிதழைச் சதீஸ்குமார் நீட்டினான். பாலக்காடு மாவட்டம் என்று போட்டிருந்தது. அவன் கண்ணைத் தூக்கிப் பார்க்கவில்லை. “மாத்தறதுக்கு எழுதியிருக்கேன் அண்ணா,” என்று முணுமுணுத்தான். பிறகு பலா மரத்தடிக்குப் போய், கோழி எச்சத்தைத் துடைத்துவிட்டு, காரின் முன்கண்ணாடியில் ஒரு வண்ணத் தாளை ஒட்டினான். சிரிக்கிற ஒரு குடும்பத்தின் படம். அதன்கீழே கொட்டை எழுத்தில், நெருங்கி உட்கார்ந்தால் இடம் வரும் என்று எழுதியிருந்தது.

பெரிய பெண் எழுத்துக்கூட்டி அதைச் சத்தமாகப் படித்தாள். பச்சையம்மா அவளை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு அவள் யாரையும் வையவில்லை. அடுப்பு ஊதுகிற மாதிரி உட்கார்ந்து அழுதாள்.

அவர்கள் இறங்கிப் போனபின் அருணகிரி கத்தியால் அந்தத் தாளைச் சுரண்டினான். நல்ல பசை. முகங்கள் வந்துவிட்டன, எழுத்து வரவில்லை.

பிறகு புளி உலுக்கும் காலம் வந்தது. ரேணுகா எழுந்து வேலைக்குப் போனாள். இடுப்பு வலித்தது, மூட்டை தூக்கினாள். தங்கவேலும் அதே மரத்தடியில் உலுக்கினான். அவளைப் பார்த்தால், “சோறு துன்னியாம்மா?” என்று கேட்பான், அதற்குமேல் எதுவும் பேச மாட்டான். கோயில் பொங்கல் அன்றைக்கு ஊரில் ஆம்பளைகள் எல்லாரும் வெளுத்த வேட்டியோடு வரிசையில் நின்றபோது, அவன் மட்டும் லுங்கியோடு கடைசியில் நின்றான். யாரோ கேலி செய்தார்கள். அவன் காதில் விழாத மாதிரி மேளக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரேணுகா பார்த்தாள். தங்கவேல் அண்ணனுக்கு அவள் ஒரு எட்டு முழ வேட்டி தர வேண்டும். இன்னும் தரவில்லை.